ஓடிக்கொண்டிருந்த சர்வரைத் திருத்தினேன்

எந்த ஸ்பிரிங்குக்கு எந்த டாம்கேட், அதற்கு எந்த ஜாவா, ஒரு அட்டவணை போட்டுத் தர முடியுமா என்று உங்களில் ஒருவர் எனக்கு வாட்ஸாப்பில் எழுதியிருந்தார். வேலையை விட்டு திருவனந்தபுரத்தில் ஆரியசாலையில் வீட்டோடு கிடக்கிறவள்தானே, போட்டுத் தரட்டும் என்று நினைத்திருப்பார். அட்டவணை அந்தந்தத் தளத்திலேயே இருக்கிறது, போய்ப் பாருங்கள். எது எதோடு சேரும், எது எதோடு சேராது என்று கட்டம் கட்டிப் போட்டிருக்கிறார்கள். அதைப் பார்க்காமல் விட்ட ஒருத்தி ஒரு மத்தியானம் முழுக்கப் பேந்தப் பேந்த முழித்ததைத்தான் நான் சொல்லப்போகிறேன். அந்த ஒருத்தி நான்தான்.

வேலைக்குப் புதிதாக வந்தவர்களுக்காக இரண்டு வரி. ஜாவாவில் எழுதின இணையச் செயலி தன்னந்தனியாக ஓடாது. அதை ஒரு சர்வருக்குள் வைத்து ஓட்ட வேண்டும். எங்கள் செயலி ஸ்பிரிங் என்ற சட்டகத்தில் எழுதப்பட்டது, ஓட்டிய சர்வர் டாம்கேட். இரண்டும் கேஸ் சிலிண்டரும் ரெகுலேட்டரும் மாதிரி. தனித்தனியாகப் பார்த்தால் இரண்டும் நல்ல சாமான்தான், ஆனால் வாய் அளவு ஒன்றாக இருந்தால்தான் அடுப்பு எரியும். இதைப் படித்துவிட்டு, இது தெரியாதா என்று நீங்கள் சிரிப்பீர்கள். எனக்கும் தெரியும் என்றுதான் இருபத்தெட்டு வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கழக்கூட்டத்தில் எங்களுடையது ஒரு சின்ன கம்பெனி. அரசுத் துறை ஒன்றுக்காக நர்சிங் படிப்புக்கான சேர்க்கைத் தளத்தை நடத்திக் கொடுத்தோம். பிள்ளைகளுக்கு இடம் ஒதுக்கப்பட்டதும் அவர்கள் ஒரு வாரத்துக்குள் தளத்தில் நுழைந்து உறுதி செய்ய வேண்டும். கடைசி நாள் மாலை ஐந்து மணிக்குத் தளம் தானாகப் பூட்டிக்கொள்ளும். உறுதி செய்யாத இடம் வரிசையில் அடுத்து நிற்கும் பிள்ளைக்குப் போய்விடும்.

இரண்டு சர்வர்கள். வருகிறவர்களை அவற்றுக்குப் பிரித்து அனுப்ப முன்னால் ஒரு லோட் பேலன்சர். ஒருவரை ஒரு பக்கம் அனுப்பிவிட்டால் அப்புறம் அவரை அதே பக்கத்துக்கே அனுப்பிக்கொண்டிருக்கும். பாதுகாப்புத் தணிக்கைக்காரர்கள் வந்து பார்த்துவிட்டு, உங்கள் டாம்கேட் பழசு, ஒரு மாதத்துக்குள் மாற்றியாக வேண்டும் என்று எழுதிவிட்டுப் போனார்கள். நான் என்ன செய்தேன்? ஒரு தாளை எடுத்து வரிசையாக எழுதினேன். டாம்கேட் பத்து, நல்லது. ஜாவா பதினேழு, நல்லது. ஸ்பிரிங்கை மாற்றினால் நிரலிலும் கை வைக்க வேண்டிவரும், அதனால் ஸ்பிரிங் ஐந்து அப்படியே இருக்கட்டும். ஒவ்வொரு வரியையும் தனித்தனியாகச் சரிபார்த்தேன். மூன்றையும் சேர்த்து ஒரு தரம் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை.

எங்கள் குழுவில் ஒரு வழக்கம் இருந்தது. சர்வரில் எதையாவது போட்டு முடித்தால் வாட்ஸாப் குரூப்பில் ஒரு கட்டைவிரல் படம் போடுவோம். என்ன போட்டோம், எங்கே போட்டோம், எப்படி ஓட வைத்தோம் என்று ஒரு வரி எழுத மாட்டோம். யாராவது கேட்டால் "ஓடுது அல்லே?" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். இந்தப் பழக்கத்தை ஆரம்பித்து வைத்த புண்ணியவதியும் நான்தான். நீளமாக எழுதினால் எனக்கு எரிச்சல் வரும்.

இரண்டாம் சர்வரைப் புதிய டாம்கேட்டுக்கு மாற்றியது அனில். எனக்கு இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருப்பான். நாற்பது வயசு, இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன், நெடுமங்காட்டுக்காரன். போட்டான், கட்டைவிரல் வந்தது, ஒரு வாரம் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. ஒன்றாம் சர்வரை அடுத்த வாரம் ஒரு சாயங்காலம் நானே மாற்றினேன். அதே டாம்கேட், அதே ஜாவா, அதே செயலிக் கோப்பு. என் கணினியில் தளத்தைத் திறந்து பார்த்தேன், ஜோராக வந்தது. பழைய டாம்கேட்டைச் சுத்தமாகத் துடைத்தெறிந்துவிட்டுக் கட்டைவிரலைப் போட்டு பஸ் ஏறிவிட்டேன். மறுநாள்தான் உறுதி செய்யக் கடைசி நாள் என்பது எனக்குத் தெரியாது. அது துறையின் காலண்டர், நம்முடையது இல்லை என்று இருந்துவிட்டேன். வெட்கம்தான், இருந்தாலும் சொல்லித்தானே ஆக வேண்டும்.

மறுநாள் காலையில் ஒன்றிரண்டாக வந்த அழைப்புகள் ஒரு மணி வாக்கில் உதவி எண்ணில் குவிய ஆரம்பித்தன. தளம் வரவில்லை என்றார் ஒருவர். வருகிறதே என்றார் இன்னொருவர். பக்கம் கிடைக்கவில்லை என்கிற அந்த நானூற்று நான்குதான் வருகிறது என்று சிலர் சொன்னார்கள். நான் திறந்தால் எனக்கு வருகிறது. பத்துத் தரம் திறந்தேன், பத்துத் தரமும் வந்தது. சர்வர் பதிவேட்டில் ஒரு பிழை கிடையாது, ஒரு எச்சரிக்கை கிடையாது. இரண்டு சர்வரும் சமத்தாக எழுந்து நின்றதாகத்தான் எழுதியிருந்தது. பிழை இருந்தால் திருத்தலாம். பிழையே இல்லாமல் ஓடாத ஒன்றை என்ன செய்வது? எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

உதவி எண்ணில் உட்கார்ந்திருந்த பெண்ணிடமிருந்து போனை வாங்கி நானே பேச ஆரம்பித்தேன். இடையில் என்னையறியாமல் தமிழில் ஏதோ முணுமுணுத்திருக்கிறேன். போனின் அந்தப் பக்கம் அதுவரை மலையாளத்தில் பேசிக்கொண்டிருந்த பிள்ளை சட்டென்று, "அக்கா, நீங்க தமிழா?" என்று கேட்டாள். பெயர் சுகன்யா. மலைமேல் போனக்காடு தேயிலை எஸ்டேட்டில் இருக்கிறவள். அங்கே போனுக்கு ரேஞ்ச் கிடையாது, நெட்டும் கிடையாது என்பதால் பஸ் பிடித்து இறங்கி வந்து வித்துராவில் ஒரு கம்ப்யூட்டர் மையத்தில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு அரசுக் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. எஸ்டேட்டிலிருந்து நர்சிங்குக்கு இடம் வாங்கின முதல் பிள்ளை தான்தான் என்றும் சொன்னாள். அதைச் சொல்லும்போது அவள் குரலில் ஒரு சந்தோஷம் இருந்தது. ஒரு மணி நேரமாக நானூற்று நான்கைப் பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு அப்படி ஒரு குரல்.

அவள்தான் எனக்கு முதல் துப்புக் கொடுத்தாள். மையத்தில் முதல் கம்ப்யூட்டரில் வரவில்லை, பக்கத்துக் கம்ப்யூட்டரில் வருகிறது, இப்போது இடம் மாறி உட்கார்ந்து விவரங்களை அடித்துக்கொண்டிருக்கிறேன் என்றாள். அப்போதுதான் மண்டையில் உறைத்தது. ஒரு சர்வர் ஓடுகிறது, ஒரு சர்வர் ஓடவில்லை. எனக்கு எப்போதும் ஓடுகிற இரண்டாவதே வாய்த்திருக்கிறது.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள், பிள்ளைகளே. அறிவுள்ள எவளும் இந்த நேரத்தில் என்ன செய்வாள்? ஓடாத ஒன்றாம் சர்வரை வரிசையிலிருந்து எடுத்துவிட்டு எல்லாரையும் இரண்டாவதுக்கு அனுப்புவாள். இரண்டு நிமிஷ வேலை. இரண்டாவது கொஞ்சம் மூச்சு வாங்கும், அவ்வளவுதான். நான் அதைச் செய்யவில்லை. இரண்டும் ஒரே மாதிரி இருக்கும்போது ஒன்று எப்படி ஓடும், ஒன்று எப்படி ஓடாமல் இருக்கும் என்ற கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது. இரண்டு சர்வரிலும் உள்ள செயலிக் கோப்புகளை ஒப்பிட்டுப் பார்த்தேன். பெயர் ஒன்று, ஆனால் அளவு வேறு. ஒன்றாம் சர்வரில் இருந்தது நாங்கள் உருவாக்கின அசல் கோப்பு, எழுத்து பிசகாமல் அப்படியே. இரண்டாவதில் இருந்தது வேறு என்னவோ.

நாற்காலியைத் திருப்பினேன். "இதை யாரு தொட்டது?" என்று கேட்டேன். என் குரலை நீங்கள் கேட்டதில்லை. ஆரியசாலையில் லாரிச் சத்தத்துக்கு மேலே பேசி வளர்ந்த குரல். அறையில் அனிலோடு சேர்த்து மூன்று பேர் இருந்தார்கள். மூன்று பேரும் நான் இல்லை என்று தலையாட்டினார்கள்.

என் கணக்கு இப்படிப் போனது: இரண்டாவதில் இருப்பது கெட்டுப்போன கோப்பு, ஓடுவது ஏதோ அதிர்ஷ்டம். இன்னும் கொஞ்ச நேரத்தில் அதுவும் விழும், அதற்கு முன் சரி செய்துவிட வேண்டும். நான் சரிபார்த்த அசல் கோப்பை எடுத்து இரண்டாவதில் இருந்ததன் மேலேயே போட்டேன். ஓடாத சர்வரில் இருந்தது எனக்குப் புரிந்த கோப்பு, ஓடின சர்வரில் இருந்தது எனக்குப் புரியாத கோப்பு. புரிந்ததை நம்பினேன். இரண்டு சர்வரும் ஒன்றுபோல் ஆயின. இரண்டிலும் நானூற்று நான்கு.

சுகன்யா இன்னும் போனில் இருந்தாள். "அக்கா, எல்லாம் அடிச்சு முடிச்சு கடைசி பட்டன அமுக்கினேன், வெள்ளையா போயிட்டு. நான் ஏதாச்சும் தப்பா அமுக்கிட்டேனா?" என்று கேட்டாள். இரு, பார்க்கிறேன் என்றேன். அவளுக்கு நான் சொன்ன பதில் அவ்வளவுதான். இன்றைக்கு நினைத்தாலும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது. போனை வைத்துவிட்டேன்.

அதற்குப் பிறகு ஒன்றரை மணி நேரம் நான் என்னென்னவோ செய்தேன். சர்வரை நிறுத்தினேன், எழுப்பினேன். ஜாவாவை மாற்றினேன், திரும்பவும் மாற்றினேன். டேட்டாபேஸைச் சந்தேகப்பட்டேன், நெட்வொர்க்கைச் சந்தேகப்பட்டேன். பழைய டாம்கேட்டுக்குத் திரும்பலாம் என்றால் அதைத்தான் துடைத்தெறிந்துவிட்டேனே. மறுபடி போட டேட்டா சென்டரில் அனுமதி வாங்க வேண்டும், அது மறுநாள்தான் கிடைக்கும். ஒவ்வொன்றாகச் செய்யச் செய்ய, எதைத் தொட்டேன், எதைத் தொடவில்லை என்றே எனக்கு மறந்துவிட்டது.

ஐந்து மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது அனில் எழுந்து என் பக்கத்தில் வந்து நின்றான்.

"சேச்சி, ஞான் ஒண்ணு சொல்லட்டே? தேஷ்யப்படக் கூடாது."

கோபப்படக் கூடாது என்று கேட்டுக்கொண்டுதான் சொன்னான். இரண்டாவது சர்வரில் செயலியை முதன்முதலாகப் போட்டபோது அவனுக்கும் நானூற்று நான்குதான் வந்திருக்கிறது. டாம்கேட் பத்தில் அடிப்படை நிரல் பாகங்களின் பெயர்களையெல்லாம் மாற்றிவிட்டார்கள். ஸ்பிரிங் ஐந்து பழைய பெயர்களைச் சொல்லிக் கூப்பிடுகிறது, சர்வருக்கு அந்தப் பெயர்களே தெரியாது. தெரியாததால் பிழை என்றும் சொல்லாது, பேசாமல் இருந்துவிடும். ஆனால் டாம்கேட் பத்துக்குள் பழைய செயலிகளுக்கென்றே தனியாக ஒரு ஃபோல்டர் உண்டு. அதில் கோப்பைப் போட்டால் சர்வரே பழைய பெயர்களைப் புதிய பெயர்களாக மாற்றி, மாற்றின கோப்பை வழக்கமான இடத்தில் கொண்டு வைத்து ஓட்டும். அனில் அதைத் தேடிக் கண்டுபிடித்து, போட்டு, ஓட வைத்து, கட்டைவிரலும் போட்டுவிட்டான். நான் கெட்டுப்போனது என்று நினைத்தது சர்வரே மாற்றி எழுதி வைத்த கோப்பு. இருந்த இரண்டில் சரியானது அது ஒன்றுதான்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். கத்தவில்லை. முந்தின மாதம் ஒரு கூட்டத்தில், தன் கணினியில் சோதித்துப் பார்த்த புதிய டாம்கேட்டில் வெறும் பக்கம் வருகிறது என்று அவன் வாய் திறந்ததும் நான் பத்துப் பேர் முன்னால், எத்தனை வருஷமா இந்த வேலை பாக்கிற, ஒழுங்கா போடத் தெரியாதா என்று கேட்டேனாம். எனக்கு அது ஞாபகமே இல்லை. அவனுக்கு இருந்தது. அன்றைக்கு நான் அவனுடைய கோப்பை அழிக்கும்போதும் பார்த்துக்கொண்டேதான் இருந்திருக்கிறான். யாரு தொட்டது என்று நான் கேட்டதும் வாய் ஒட்டிக்கொண்டுவிட்டது என்றான். இரண்டு சர்வருக்கும் நடுவே என்ன வித்தியாசம், யாருக்காவது தெரியுமா என்று கேட்டிருந்தால் அடுத்த நொடியே சொல்லியிருப்பான்.

கோப்பை அந்த ஃபோல்டருக்கு மாற்றினோம். சர்வர் பெயர்களை மாற்றி எழுதி எழுந்திருக்கச் சில நிமிஷம் பிடித்தது. தளம் வந்தபோது மணி ஐந்து தாண்டிவிட்டது. வந்த கையோடு பூட்டிக்கொண்டது.

துறையில் பொறுப்பில் இருந்த அம்மாவுக்குப் போன் செய்தேன். அவர் நிதானமாகக் கேட்டார். கோளாறு உங்கள் சர்வரில் என்றால் நாளை பகல் பன்னிரண்டு வரை திறந்துவைக்க எனக்கு அதிகாரம் உண்டு, பிள்ளைகள் இருக்கும் இடத்து நெட்வொர்க் கோளாறு என்றால் அதிகாரம் கிடையாது, எது என்று எழுத்தில் அனுப்புங்கள் என்றார். எங்கள் மேனேஜர் பக்கத்திலேயே நின்றார். ஆங்காங்கே நெட்வொர்க் மெதுவாக இருந்தது என்று எழுதச் சொன்னார், ஒப்பந்தம் புதுப்பிக்கிற நேரம் என்றார். பொய்யும் இல்லை, மலைப்பக்கம் நெட் எப்போதும் மெதுவுதானே என்றார். எனக்கு அன்றைக்கு அதுவரை எதுவுமே தெளிவாக இல்லை. இது ஒன்று மட்டும் தெளிவாக இருந்தது. ஓடிக்கொண்டிருந்த சர்வரில் தவறான கோப்பைப் போட்டு நிறுத்தியது நான் என்று எழுதி, என் பெயரைப் போட்டு அனுப்பினேன். மேனேஜர் மூன்று நாள் என்னோடு பேசவில்லை. அது பரவாயில்லை.

அரை மணியில் நீட்டிப்பு வந்தது. எல்லாருக்கும் குறுஞ்செய்தி போனது. சுகன்யாவுக்கு அழைத்தால் போன் அணைந்திருந்தது. எஸ்டேட்டுக்கு ஏறிவிட்டாள், அங்கே ரேஞ்ச் கிடையாது. செய்தி அவளுக்குக் கிடைப்பதற்குள் மறுநாள் பன்னிரண்டு தாண்டிவிடும். வித்துராவில் அந்தக் கம்ப்யூட்டர் மையத்தின் எண்ணைத் தேடிப் பிடித்துப் பேசினேன். அந்த ஆள் தங்கமானவர். போனக்காட்டுக்குப் போய் இரவு அங்கேயே தங்குகிற பஸ் இன்னும் கிளம்பவில்லை, கண்டக்டரிடம் சொல்லி அனுப்புகிறேன் என்றார். என்ன சொல்ல என்று கேட்டார். நாளை பன்னிரண்டுக்குள் வரச் சொல்லுங்கள், திறந்திருக்கும் என்றேன். அவசரத்தில் அதோடு நிறுத்திவிட்டேன்.

காலை ஒன்பது மணிக்கு அவளே அழைத்தாள். உறுதி செய்தாகிவிட்டது, ரசீது கையில் இருக்கிறது என்றாள். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஆனால் முந்தின நாள் கேட்ட குரல் இல்லை அது. தொண்டை கட்டியிருந்தது. என்ன மோளே, உடம்பு சரியில்லையா என்று கேட்டேன்.

ஒன்றுமில்லை என்றாள். பிறகு, "நான் தப்பா அமுக்கினதுக்கு இன்னொரு தரம் விட்டுக் கொடுத்தாங்கல்லா, அதுக்கு ரொம்ப நன்றிக்கா" என்றாள்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. கேட்டுக் கேட்டுத்தான் விளங்கியது. கடைசி பட்டனைத் தான் தவறாக அமுக்கி இடத்தைத் தொலைத்துவிட்டதாக வீட்டில் சொல்லியிருக்கிறாள். அப்படித்தான் அவளும் நம்பியிருக்கிறாள். தப்பாக அமுக்கிவிட்டேனா என்று அவள் கேட்டபோது, இரு, பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தவள் நான்தானே. அப்பா ராத்திரி முழுக்க ஏசியிருக்கிறார். காலையில் பஸ்ஸில் கூடவே வந்தவர் வழி நெடுக அவளோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

உன் மேல் ஒரு தப்பும் இல்லை, நீ அமுக்கின நேரத்தில் சர்வரை நிறுத்தியது நான் என்று சொன்னேன். பிறகு மெதுவாக, "அதை எங்க அப்பாகிட்ட ஒருக்கா சொல்லுவீங்களாக்கா?" என்று கேட்டாள்.

அரசுத் துறைக்கு எழுதுவது எனக்குச் சுலபமாக இருந்தது. அவள் கொடுத்த போனை வாங்கிக்கொண்ட இந்த மனுஷனிடம் பேசுவதுதான் கஷ்டமாக இருந்தது. ஸ்பிரிங்கும் டாம்கேட்டும் அவருக்கு எதற்கு? வணக்கம் அண்ணே, பிள்ளை எல்லாம் சரியாகத்தான் செய்தாள், இங்கே மெஷினைப் பார்க்கிறவள் நான், நேற்று நான்தான் தப்புப் பண்ணினேன், பழி அவள் மேல் விழுந்துவிட்டது, என்னை மன்னிக்க வேண்டும் என்று சொன்னேன்.

"அப்பம் புள்ள மேல தப்பே இல்லியாம்மா?" என்று கேட்டார்.

"ஒரு தப்பும் இல்லண்ணே."

அவர் போனை அணைக்கவில்லை. காதிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டிருப்பார் போல, குரல் தள்ளி நின்று கேட்டது. "ஏட்டி, நேத்து ராத்திரியிலேர்ந்து ஒண்ணும் தின்னலியே நீ. வா, மொதல்ல ரெண்டு தோசை சாப்பிடு" என்று அவளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.